மணவறைக்கு மேலே ஓர் ஆந்தை

"இந்த ஆந்தைக்குக் கீழ இருந்து என்ரை மகன் தாலி கட்டமாட்டான்! கழட்டச் சொல்லுங்கோ!"

"கழட்டேலாது, அக்கா. சுவரோட சேத்துப் பூட்டியிருக்கு."

"அப்ப சுவரைக் கழட்டுங்கோ!"

முதலில் கத்தியவர் மாப்பிள்ளையின் தாய் பத்மா. பதில் சொன்னவர் பெண்ணின் தகப்பன் வரதராஜா. சிட்னி லிட்கமில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கட்டட எஞ்சினியர். நான் அங்கே நின்றதற்குக் காரணம், எங்கள் காரில்தான் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனேன். கூப்பிடாமலே போனேன் என்று பிறகு யாரோ கதைத்தார்களாம். கதைக்கட்டும்.

எழுபத்தேழாம் ஆண்டு. கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. இரண்டு வீட்டாரும் மண்டபம் பார்க்கப் பரமட்டாவுக்கு வந்திருந்தோம். மண்டபம் என்றால் சும்மா மண்டபமா? நூறு வருடப் பழைய ஓட்டல். அதைத் திருத்திப் புதுப்பித்தவர்களில் வரதராஜாவும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் வாயில் பெண்சாதி பிள்ளைகளின் பெயர் வந்ததைவிட அந்த ஓட்டல் மரப்படிக்கட்டின் பேச்சு வந்ததுதான் அதிகம்.

ஓட்டல்காரர்கள் அந்தப் பகுதியின் சரித்திரத்தையும் மிருகங்களையும் கொண்டாடுகிறார்களாம். உயிரோடு திரிந்ததையெல்லாம் சுட்டு, பஞ்சடைத்து, கண்ணுக்குக் கண்ணாடி வைத்து, கீழே பித்தளைத் தகட்டில் 'எங்கள் பெருமை' என்று எழுதியிருந்தார்கள். கங்காரு, உடும்பு, வொம்பாட், ஆந்தை. முதல் முதலாளியின் நாய்க்குக்கூடத் தனித் தகடு. இவர்களுக்கு முன்னே அந்த மண்ணில் இருந்த கறுத்த சனத்துக்குத்தான் தகடு போட இடம் கிடைக்கவில்லைப் போலும்.

பெண் ரஞ்சினி ஒரு கதிரையில் இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஆந்தையை அல்ல, மாப்பிள்ளை சிறிதரனை. அதற்கு முதல் நாள் வேலியோரம் என்னிடம், "அன்ரி, அவர் நல்லவர்தான். ஆனா தாய் சொல்லாமல் ஒரு சொல்லு அவரிட்ட இருக்கோ எண்டு தெரியேல்லை. அது தெரியாமக் கழுத்தை நீட்டப் பயமாயிருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று அவனிடம் கேட்டாள்.

சிறிதரன் தாயைப் பார்த்தான். "ஆந்தை கூடாதுதானே, ரஞ்சி. அம்மா சொல்லுறது சரி."

மனேஜர் பாவம், வெள்ளை மேசைத்துணி கொண்டுவந்து ஆந்தையை மூடினார். பிரேதத்தை மூடியதுபோல் இருந்தது. பத்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் சேஷாத்ரி வாயைத் திறந்தார். மெட்ராஸ்காரர், பாங்க் உத்தியோகம். சிட்னியில் ஐயர் கிடைக்காத காலம். மந்திரம் தெரிந்த பாவத்துக்குச் சனி ஞாயிறுகளில் எங்கள் எல்லாருக்கும் அவர்தான் ஐயர்.

"எதுக்கு மாமி பதர்றேள்? வடக்கே மகாலக்ஷ்மிக்கு ஆந்தைதான் வாகனம். மணவறைக்கு மேல லக்ஷ்மி வாகனம் இருக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

 பத்மா தானே போய்த் துணியை இழுத்தார். ஆந்தையை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு நிமிடத்துக்கு முன் சனியனாக இருந்தது இப்போது சம்பந்தியாகிவிட்டது.

"அப்ப ஏன் அது பொம்பிளை வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது? எங்கட பக்கம் திருப்பச் சொல்லுங்கோ. லட்சுமி எங்கட வீட்டுக்குத்தானே வரப்போறா!"

"அனுப்புறது நாங்கள்!" என்று பெண்ணின் தாய் யோகராணி பாய்ந்தார். "அது எங்களைப் பாத்தபடியே நிக்கட்டும்!"

"திருப்பவும் ஏலாது," என்றார் வரதராஜா. "பின்னால இருக்கிறது பழைய சாந்து. உதிர்ந்திடும்." மகளின் கலியாணம் உதிர்வது அவர் கண்ணில் படவில்லை.

ரஞ்சினி எழுந்து சிறிதரனுக்கு முன்னால் போய் நின்றாள். "அம்மாவைப் பாக்காமச் சொல்லுங்கோ. ஆந்தை நல்லதோ கூடாதோ? எது சொன்னாலும் எனக்குச் சம்மதம். நீங்களாச் சொன்னாப் போதும்."

அவன் நிலத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கங்காருவைப் பார்த்தான். கடைசியில் பத்மாவைப் பார்த்தான்.

"ப்ளீஸ் ரஞ்சி, எல்லாருக்கும் முன்னால சீன் வேண்டாம். அம்மா சொன்ன மாதிரித் திருப்பினா என்ன?"

"மாமி," என்றாள் ரஞ்சினி, சத்தம் போடாமல். "நீங்கள் ஆந்தையைக் கொண்டு போங்கோ. லட்சுமி வரேல்லை."

மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு, போய் எங்கள் காரில் ஏறி இருந்தாள். யோகராணி அழுதார். சேஷாத்ரி மன்னிப்புக் கேட்டார், யாரிடம் கேட்பதென்று தெரியாமல் மனேஜரிடம்.

ஆறு மாதத்துக்குள் சிறிதரனுக்குக் கொழும்பில் பெண் எடுத்தார்கள். வந்த பெண் மாமியாரோடு ஒரு குளிர்காலம்தான் தாக்குப்பிடித்தாள். பிறகு புருஷனை இழுத்துக்கொண்டு மெல்பேர்னுக்குப் போய்விட்டாள். பத்மா இங்கே தனியாக இருக்கிறார். கோயில் பூசைகளில் கண்டால் எனக்குத் தலையாட்டுவார்.

ரஞ்சினி இரண்டு வருடம் கழித்துக் கதிர்காமநாதன் என்ற மிருக வைத்தியரைக் கட்டினாள். எதற்கெடுத்தாலும் சொந்த அபிப்பிராயம் சொல்லும் மனிதர். தாலி எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்று மணவறையிலேயே இருவரும் வாக்குவாதப்பட்டார்கள். இப்போது குவேக்கர்ஸ் ஹில் பக்கம் காணி வாங்கிப் போய்விட்டார்கள். நாளுக்கு மூன்று சண்டையாவது நடக்குமாம். வேலியோரம் நின்று கேட்க வழியில்லை, ரயில் ஏறிப் போய்த்தான் கேட்கவேண்டியிருக்கிறது.