அக்காவின் ஈரல்

அக்காவுக்கு டாக்டர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பிக்கு எதிர்ப்பு சக்தி ஏற வேண்டுமென்று அவள் பழமும் பாலுமாக ஊட்டிக்கொண்டிருக்க, இந்த மனுஷர் வேறு கதை சொல்கிறாரே!

"இந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் நேரா ஈரலைத் தின்னாதும்மா. இவர் உடம்போட காவல்படைதான், அதை அழிக்கறேன்னு கிளம்பி, அது ஒளிஞ்சிருக்கற ஈரலையே அடிச்சு நொறுக்கியிருக்கு. இத்தனை வருஷமா அடங்கிக் கிடந்த படை. கிருமியை அடக்கி வச்சிருந்த மாத்திரையை நிறுத்தினதும் அது பெருகிச்சு, படையும் ஒரேயடியா முழிச்சுக்கிச்சு. இப்போ அதுவும் ஓஞ்சுபோச்சு. வயித்துல கட்டின தண்ணியில வேற கிருமி பூந்திருக்கு, அதை எதிர்க்கக்கூடத் தெம்பில்லை."

மாத்திரையை நிறுத்தியது தம்பியேதான். பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். "துரு கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா? அடியில சுரண்டிப் பாருய்யா!" என்று வண்டிக்காரர்களிடம் கத்துகிறவன், ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரை டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை, படுபாவி!

வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்றார் டாக்டர்.

"என்கிட்டேர்ந்து வெட்டி எடுத்துக்கோங்க," என்றாள் அக்கா. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், வேறு நாதியில்லை.

கண்ணெல்லாம் மஞ்சள் பூத்தும் தம்பிக்குக் குறும்பு போகவில்லை.

"உன் ஈரலை வச்சா உன்னை மாதிரியே நானும் எல்லாரையும் அதட்ட ஆரம்பிச்சிடுவேனே அக்கா!"

"அதட்டு. உயிரோட இருந்து அதட்டுடா."

பரிசோதனை முடிவைச் சொல்ல டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். அவள் ரத்தத்திலும் அதே கிருமி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து இருவருக்கும் வந்திருக்க வேண்டுமாம். பாவம், அம்மாவுக்கே அது தெரியாது.

"உங்க படை இன்னும் அதைச் சீண்டலை. ஈரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா குடுக்க முடியாதும்மா."

"நல்லாயிருக்குன்னு நீங்களே சொல்றீங்களே சார்! எடுத்தா என்ன?"

கிருமி இருக்கும் ஈரலை வெட்டினால் அவள் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மறுத்துவிட்டார். இறந்தவர்கள் யாரிடமிருந்தாவது கிடைக்கும்வரை அவன் தாங்க மாட்டான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கத்தான் அக்கா தம்பியின் வார்டுக்குள் போனாள்.

"எப்போக்கா ஆபரேஷன்?"

தயாராக வைத்திருந்த பொய்யைச் சொல்ல வரவில்லை. "எனக்கும் அதே கிருமி இருக்குதாம்டா," என்றாள்.

இனி தனக்கு என்ன ஆகும் என்று அவன் கேட்கவேயில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நானும் இருக்க மாட்டேன். அப்போ உனக்கு ஒண்ணுன்னா ஈரல் யாரு குடுப்பாங்கக்கா?"

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.