இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

சிஸுரு எந்தத் துப்பாக்கியை வாங்க வேண்டும் என்பதை, அவள் ஒபிஹிரோ நகரத் துப்பாக்கிக் கடைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே ஊர் முடிவு செய்துவிட்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியின்மேல் பச்சைத் துணி விரித்து, அதில் ஓனோதெராவின் பழைய ரைஃபிளைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஓனோதெராவே உட்கார்ந்திருந்தார். வேட்டைக் குழுவின் தலைவர் அவர்தான். அவளுடைய மாட்டுப்பண்ணைக்கு அடுத்த பண்ணையும் அவருடையதுதான்.

சிஸுருவுக்குச் சுருக்கென்றது. ரவைத் துப்பாக்கியைப் பத்து வருஷம் ஒழுங்காக வைத்திருந்தவர்தான் ரைஃபிள் கேட்க வாய் திறக்கலாம் என்பது சட்டம். அவளும் பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் திறக்கலாம் என்று வந்தால், பதிலை வேறொருவர் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்கு ரைஃபிள் எதற்கு என்பது ஊருக்கே தெரியும். மாட்டுக்காக அவள் போடும் சோளக்காட்டுக்குள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பழுப்புக் கரடி இறங்கி, நடுக்காட்டில் உட்கார்ந்து, கைக்கெட்டிய தூரம் வரை சாய்த்துத் தின்றுவிட்டுப் போகும். குழுவைக் கூப்பிட்டால் ஆண்கள் வருவார்கள். டீ குடித்து, ஊறுகாய் தின்று, கால் தடத்தைப் பார்த்து, "பெருசுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். போன வருஷம் அந்தப் பெருசு கன்றுக்கொட்டகைச் சுவரைப் பிறாண்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. கரடி வேட்டைக் குழுவில் சேர்ந்து, தன் காட்டுக்குத் தானே காவல் நிற்பது என்று முடிவு கட்டினாள். குழுவில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் இருக்காது என்பது ஓனோதெராவின் கையில் இருந்தது.

"வாம்மா. உனக்கு அலைச்சலே இல்லாம பண்ணிட்டேன்," என்றார் ஓனோதெரா. "மேக்னம், பெரிய குண்டு. இதுல விழுந்த கரடிய எண்ணினா உன் கொட்டகை மாடு தோத்துடும்."

"இது வலக்கைத் துப்பாக்கி, தலைவரே."

"துப்பாக்கின்னா வலக்கைதான். நீ குச்சிய எந்தக் கையில பிடிச்சுச் சாப்பிடுற?"

"பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்தின கையில."

கடைக்காரர் முராகோஷி சிரிப்பை விழுங்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பேருமே அவருக்கு வாடிக்கைக்காரர்கள்.

சிஸுரு எழுதுவது வலது கையில், சாப்பிடுவதும் வலது கையில். ஆனால் சுத்தியல், கோடாலி, மாட்டின் மடி எல்லாம் இடது கைக்குத்தான் போகும். குறி பார்ப்பதும் இடது கண்தான். எந்த வாத்தியாராலும் அதை அடித்து மாற்ற முடியவில்லை.

"சும்மா தோள்ல வச்சுத்தான் பாரேன்," என்றார் ஓனோதெரா.

வைத்துப் பார்த்தாள். தோளில் பதியும் மரக்கட்டை நீளமாக இருந்ததால் கழுத்தை நீட்டித்தான் தொலைநோக்கியில் கண் வைக்க முடிந்தது. வெறும் துப்பாக்கியை ஒருமுறை சொடுக்கிவிட்டு, அடுத்த குண்டுக்காக போல்ட்டை இழுக்கப் போனாள். அதன் பிடி வலது பக்கம் இருந்தது. இடது கை துப்பாக்கியின் தலைக்குமேல் தாண்டிப் போய்த் தூக்கி, இழுத்து, தள்ளி, திரும்பி வர வேண்டியிருந்தது. அதற்குள் முகம் கட்டையைவிட்டு விலகிவிட்டது. மறுபடி கண் வைத்தபோது, தொலைநோக்கியில் குறி பார்த்திருந்த சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் கூரை தெரிந்தது.

"முதல் குண்டு தப்பினா, இந்நேரம் கரடி என் மடியில உட்கார்ந்திருக்கும்," என்றாள்.

"தப்பாம சுடு."

"தப்பவே தப்பாதுன்னா எதுக்கு அஞ்சு குண்டு போடுற பெட்டி?"

சிஸுரு முராகோஷியிடம் திரும்பினாள். "நான் போன்ல சொன்னத எடுங்க."

முராகோஷி உள்ளே போய் இன்னொரு ரைஃபிளைக் கொண்டுவந்தார். போல்ட் இடது பக்கம் இருந்தது. மேக்னம் இல்லை, கரடிக்குப் போதுமான, ஆனால் அவளை மல்லாத்தாத சாதாரண முப்பது-ஆறு ரகக் குண்டு போடுவது. கடைக்கு வந்த நாளிலிருந்து அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் தோளில் வைத்துச் சொடுக்கினாள், போல்ட்டை இழுத்துத் தள்ளினாள், சொடுக்கினாள். முகம் நகரவில்லை. கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. இத்தனை வயதுக்கு அவள் கைக்கென்று செய்த ஒரு பொருளைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

"பொம்பளத் துப்பாக்கி," என்றார் ஓனோதெரா. "மேக்னத்தோட உதை தாங்காதுன்னு பயம்."

"கல்யாணமான நாள்லேருந்து மாட்டுக்கிட்ட உதை வாங்கிட்டிருக்கேன், தலைவரே. வாங்குற உதைக்குப் பால் கிடைக்கணும். மேக்னத்துல என்ன கிடைக்கும்? அடுத்த குண்டுக்குக் கண்ண மூடுற பழக்கம்தான் வரும்."

பிறகு கட்டையின் அடிப்பாகத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "இதுவரைக்கும் அறுத்துடுங்க."

முராகோஷிக்கே மனசு வரவில்லை. "அக்கா, இதுவே இடக்கை. கட்டையையும் குட்டையாக்கிட்டா நாளைக்கு யாரும் வாங்க மாட்டாங்க."

"உன் புருஷனுக்குக்கூட ஆகாது," என்றார் ஓனோதெரா. "ஒரு ஆளுக்கு மட்டும் ஆகுற துப்பாக்கிய எவனாவது வாங்குவானா?"

சிஸுருவுக்குக் கோபம் தலைக்கேறியது. "சட்டம் என்ன சொல்லுது? இந்தத் துப்பாக்கிய நான் மட்டும்தான் தொடலாம். புருஷன் தொட்டா அவரையும் பிடிப்பாங்க, என்னையும் பிடிப்பாங்க. வேற யாருமே தொடக்கூடாத சாமானுக்கு எதுக்கு ஊர்ல இருக்கிற தோளையெல்லாம் அளவெடுக்கணும்? அறுங்க முராகோஷி."

ஓனோதெரா தன் ரைஃபிளின் கட்டையைத் தடவினார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இனிமே தெம்பு இல்லம்மா. கண்ணும் போச்சு. போலீஸ்ல ஒப்படைச்சுடலாம்னு இருக்கேன். வாங்கிக்க ஆள் இல்லன்னா இத வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டுடுவாங்க. நீ எடுத்துப்பன்னு நினைச்சேன்."

சிஸுரு அந்தப் பழைய கட்டையைப் பார்த்தாள். இந்தப் பத்து வருஷமாக மான் தடம் பார்க்க அவர் பின்னால்தான் போயிருக்கிறாள். ஒரு நிமிஷம், எடுத்துக்கொண்டால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் தொலைநோக்கியில் கூரை தெரிந்தது ஞாபகம் வந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா உங்க வருத்தத்த என் தோள்ல வச்சுச் சுட முடியாது, தலைவரே."

அவர் எழுந்துவிட்டார். "அப்ப குழுவுல உன் பேரும் இருக்காது."

"இல்லாட்டி போகட்டும். மான் சுடுறேன். அடுத்த வருஷம் திரும்ப வந்து கேட்பேன். அதுக்கடுத்த வருஷமும் கேட்பேன். காத்திருக்க எனக்குப் பழக்கம்தான்."

அவர் வெளியேற, கதவு மணி அடித்து ஓய்ந்தது. உள்ளே ரம்பம் ஓடத் தொடங்கியது. அறுந்து விழுந்த மரத்துண்டைச் சிஸுரு கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

துப்பாக்கிக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் போலீஸ் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பது வழக்கம். பக்கத்துப் பண்ணை என்றால் ஓனோதெராதான். அவர் ஒரு வார்த்தை கோணலாகச் சொன்னால் போதும், இடக்கையும் கிடையாது, வலக்கையும் கிடையாது. அவள் புருஷன், "ஒரு பெட்டி உருளைக்கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார். "கொண்டுபோனீங்கன்னா அங்கேயே சாப்பிட்டுட்டு அங்கேயே தூங்கிக்குங்க," என்றாள்.

சோளம் கதிர் பிடிக்கும் சமயத்தில் ஊர்ப் போலீஸ்காரர் அனுமதியோடு கொட்டகைக்கே வந்தார். சிஸுரு மாட்டு மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஓனோதெராகிட்டயும் கேட்டேன்," என்றார் அவர். "'யார் பேச்சையும் கேக்காத பொம்பள'ன்னார். ஆபத்தான ஆளான்னு கேட்டேன். 'கரடிக்குத்தான்'னார்."

சிஸுரு அடுத்த காம்புக்குக் கை மாற்றினாள்.

"குழுவுல உங்க பேரையும் எழுதிட்டாராம். தன் துப்பாக்கிய ஒப்படைச்சுட்டார். இந்த வருஷம் தடம் பார்க்க வெறும் கையோட வருவாராம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்: இடக்கைத் துப்பாக்கி சுட்டதும் சூடான காலித் தோட்டாவ இடது பக்கம்தான் துப்பும், அதனால உங்களுக்கு வலது பக்கம் நிப்பாராம்."

சிஸுரு கையைத் துடைத்துக்கொண்டு அனுமதியை வாங்கினாள், இடது கையால்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் நிக்கட்டும்," என்றாள். "எனக்கு முன்னாடி மட்டும் நிக்க வேணாம்னு சொல்லுங்க."