ஏழாம் அறையின் மழைப் பதிவேடு

கல்லூரியின் ஏழாம் எண் அறையில், பாடத்தில் விஞ்ஞானி இறக்கும் இடம் வந்ததும் மழை பெய்யும். நேர் மேலே நடக்கும் கணித வகுப்பில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பக்கத்து அறையில் மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஏழில் மட்டும் கூரைக்கு ஒரு முழம் கீழே தொடங்கி, பெஞ்சு, மேசை, வருகைப் பதிவேடு என்று பேதம் பார்க்காமல் கொட்டும். முதல் வருடம் ஓட்டையைத் தேடிக் கொத்தனார் இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை பாடம் நடந்துகொண்டிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு, “இது நம்ம வேலை இல்லீங்க” என்று கரண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவேயில்லை. அதன் பிறகு மாணவர்கள் குடையோடு வரப் பழகிவிட்டார்கள்.

பாடத்தின் பெயர் ‘விஞ்ஞானிகள் வாழ்வும் பணியும்’. அதை நடத்தியவரை எல்லோரும் தேதி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு விஞ்ஞானியை எடுத்துக்கொண்டு, பிறந்தது, செய்தது, இறந்தது என்று முன்னால் நின்று வாசிக்க வேண்டும். தேதிகளுக்குக் கையில் சான்று இருக்க வேண்டும். சான்றில் இல்லாத தேதி தேதியே இல்லை என்பது அவர் கட்சி. மழையும் கறாரான மழைதான். இறந்த தேதியைத் தப்பாகச் சொன்னால் பெய்யாது. ஒருமுறை ஒருத்தன் ஒரு வருடம் கூட்டி வாசித்துவிட்டு முழிக்க, நாற்பது பேரும் காய்ந்த அறையில் குடை விரித்துப் பத்து நிமிடம் அசடு வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஊரே கொண்டாடப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு வெறும் தூறல். பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணி எழுதிவைத்து, அதன் அருமை யாருக்கும் தெரியாமலே கண்ணை மூடியவருக்கு நாற்பத்தொரு மில்லிமீட்டர். ஏன் இப்படி என்று கேட்டால் தேதி சார், “காரணம் அப்புறம், முதல்ல அளவ எழுதுங்க” என்பார்.

ஆனால் அளந்தது அவரில்லை. அளந்தது, மழை பெய்யும்போதே அறையைத் துடைக்க வந்த ஆயாம்மா. இயற்பியல் துறை கழித்துப்போட்ட மழைமானியை ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். அங்கே காற்றில் சாரல் அடித்துக் கணக்கு தினமும் ஒரு மாதிரி வந்தது. யாரும் சொல்லாமலே ஆயாம்மா அதை அறை நடுவில் நகர்த்தினார். தெறித்து வரும் நீர் உள்ளே விழாதபடி வாயைச் சுற்றிப் பழைய துணியைக் கட்டினார். பெருமழை நாளில் மானி நிரம்பினால், உள்ளங்கையால் வாயைப் பொத்தி, ஒரு சொட்டு சிந்தாமல் வாளியில் கவிழ்த்து, எண்ணிக்கையை விரலில் மடக்கிக்கொண்டு மறுபடி வைப்பார். அந்தப் பக்குவம் வேறு யாருக்கும் வரவில்லை. பத்தொன்பது வருடம் மழைப் பதிவேட்டில் அவருடைய உருண்டைக் கையெழுத்துதான். அந்த அட்டவணைகளை வைத்துக்கொண்டு தேதி சார் இரண்டு கருத்தரங்குகளில் பேசினார். நன்றி சொன்னபோது மானிக்கு முக்காலி செய்த தச்சர் வரைக்கும் சொன்னார், ஆயாம்மாவை விட்டுவிட்டார். மகள் கொதித்தபோது ஆயாம்மா சிரித்தாராம். “மறந்திருக்கும்டி, பாவம். மண்டைக்குள்ள எத்தனை தேதியத்தான் வச்சுக்குவாரு மனுஷன்.”

மகள் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தாள், அந்த வகுப்புக்கே வந்தாள். துடைக்க வசதியாக எல்லோரும் பெஞ்சுக் கட்டையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவளும் வைத்துக்கொண்டாள். தாய் குனிந்து அவள் காலடியைத் துடைத்துவிட்டு, மற்றவர்களைத் தாண்டியது போலவே அவளையும் தாண்டிப் போனார். முதல் மூன்று மாதம் இருவரும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்படி இருக்கும்படி கேட்டுக்கொண்டவள் மகள்தான். நான்காவது மாதம் ஆயாம்மாவின் நெஞ்சில் சளி கட்டியது. பத்தொன்பது வருடம் ஈரத்திலேயே நின்ற உடம்பு. நுரையீரலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். அதற்கு அப்புறம் பன்னிரண்டு நாள்தான் இருந்தார்.

மகள் வாசிக்க வேண்டிய முறை வந்தபோது, அவளுக்குத் தந்திருந்தது கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து வானம் பார்த்த ஒருவரின் வாழ்க்கை. அவள் அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் அம்மாவை வாசிக்கத் தொடங்கினாள். இவர் என் அம்மா என்பதுதான் முதல் வரி. வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். தேதி சார் குறுக்கிட்டார்.

“பாடத்திட்டத்துல இல்லையேம்மா.”

“பத்தொன்பது வருஷம் அளந்திருக்காங்க சார். அது பணி இல்லையா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறந்த ஊர், படித்தது எட்டாவது, மானியை நகர்த்தியது, துணி கட்டியது, நிரம்பியதைச் சிந்தாமல் கவிழ்த்தது எல்லாம் வாசித்தாள். இறந்த தேதி வரப்போகிறது என்று குடைகள் விரிந்தன. அவள் இறப்புச் சான்றிதழைப் பிரித்துத் தேதியைப் படித்தாள். மேலே பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். கூரை வறண்டு கிடந்தது. மூன்று மாதம் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தவளுக்கு வேண்டியிருந்தது அந்த மழை ஒன்றுதான். அவள் அழுதுவிட்டாள். “எங்கம்மாவுக்கு ஒரு சொட்டு கூடவா சார் இல்ல?”

நடந்தது இதுதான். பதிவு அலுவலகத்தில் ஒரு புண்ணியவான், இறப்பைப் பதிந்த திங்கட்கிழமையையே இறந்த நாளாகப் போட்டுவிட்டார். திருத்தக் கேட்டு அவள் இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் நாளைக்கு வரச் சொன்னார்கள். தப்பென்று தெரிந்தும், சான்றில் இல்லாதது தேதியே இல்லை என்ற பாடத்துக்குப் பயந்து, மழையும் சான்றைத்தான் பார்க்கும் என்று நம்பி, அதையே வாசித்துவிட்டாள். தேதி சார் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தாளை நாலாய் மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

“இத உள்ள வச்சிடும்மா. நீ கூட இருந்தியா?”

“இருந்தேன் சார்.”

“அப்ப நீ சொல்லு. என்னைக்கு?”

“வியாழக்கிழமை சார். காலைல எட்டு மணி இருக்கும். ஏழாம் ரூமுக்கு நேரமாச்சுன்னு எழுந்திரிக்கப் பார்த்தாங்க. இன்னைக்கு லீவும்மா, படுன்னு பொய் சொன்னேன். சரின்னு படுத்துட்டாங்க.”

மழை பிடித்துக்கொண்டது. குடைகள் தாங்கவில்லை. நான்காவது நிமிடமே மானி நிரம்பியது. மகள் ஓடிப் போய் வாயைப் பொத்தினாள். கவிழ்ப்பதற்குள் பாதி கொட்டிவிட்டது. மணி அடித்தும் நிற்கவில்லை. கடைசியில் தேதி சார் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு துடைக்கிற கட்டையை எடுத்தார். எடுத்துத்தான் என்ன, அவருக்குத் துடைக்கத் தெரியவில்லை.

மறு வருடம் ஆயாம்மா பாடத்திட்டத்தில் சேர்ந்தார், பட்டாணிச் செடிக்காரருக்கு அடுத்து. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருகிறார். சான்று கேட்டால் பதிவேட்டையே காட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறார்கள், மழை வருகிறது, மானி நிரம்பி வழிகிறது. நாளையும் பெயரையும் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். மழையளவு என்ற கட்டத்தில் மட்டும், மகள் வாசித்த அன்று தேதி சார் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்: அளக்க ஆள் இல்லை.