எரியாத பனிமேடு

போன வருஷம் கிறிஸ்துமஸ் குடிலில் பஞ்சைப் பனியாக விரித்தது ஆக்னஸ்தான். சீரியல் பல்பில் பொறி பறந்து பஞ்சு பற்றிக்கொள்ள, சூசையப்பர் சுரூபத்தின் கை கருகிப்போனது. அன்றிலிருந்து விருத்தாசலம் பங்குக் கோயிலில் அவளுக்கு 'தீ வச்ச ஆக்னஸ்' என்றே பெயர். அதைச் சூட்டிய புண்ணியவான் குடில் கமிட்டித் தலைவர் அருளானந்தம். இந்த 2008 டிசம்பரோடு அந்தப் பெயரை ஒழித்துக்கட்டுவதென்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

"பெத்லகேம்ல ஏதும்மா பனி? வைக்கோலே போதும்" என்றார் அவர்.

"நம்ம குடில்ல உண்டுண்ணே. எரியாத பனியா நானே போடுறேன்."

அவள் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பவள். அங்கே கேட்டு வாங்கிய வெள்ளைக் களிமண் தூளைக் கொண்டுவந்து, கோயில் முற்றத்துக் குடிலில் கொட்டினாள். ராத்திரித் தூறலில் நனைந்து, காலை வெயிலில் காய்ந்து, அது பாளம் பாளமாக வெடித்துவிட்டது. பத்து வருஷம் களிமண்ணோடு மாரடித்தும் இது தோன்றவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள், பீங்கானில் கலக்கிற, ஈரம் குடிக்காத வெள்ளைக்கல்லான வெங்கச்சங்கல்லின் தூள் வந்தது. கையால் குவித்தால் மாவு மில் தரை மாதிரி இருந்தது. பட்டறை மதிலோரம் ஆடிக்காற்று தூளை ஒதுக்கிவைக்கிற அழகு அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முறத்திலிருந்து தூளைக் காற்றில் சரித்தாள். கரண்டு போனால் உட்கார்ந்தாள், வந்தால் எழுந்தாள். மூன்றாம் நாள் குடில் சுவரோரம் பனி மேடு மேடாக ஏறி நின்றது. ஆடுகளின் கால்கள் அதில் பாதி புதைந்திருந்தன. அவளுக்கே கண் கலங்கியது.

திறப்பு மாலை. பாதர் குடிலை மந்திரிக்கக் கையை உயர்த்தியபோது கரண்டு போனது. அருளானந்தம் அவசரமாக மெழுகுவர்த்தியைக் கொளுத்தி நீட்டினார். அது கைதவறிப் பனிமேட்டில் விழுந்தது. கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது.

ஆக்னஸ் நகரவில்லை. திரி கொஞ்சம் புகைந்து அணைந்தது. பனி அப்படியே கிடந்தது.

அரையிருட்டில் மெழுகுவர்த்தியை எடுத்து, ஒட்டிய தூளைத் தட்டி, அவரிடமே கொடுத்தாள்.

"திரும்பக் கொளுத்துங்கண்ணே. பனியிலயே நடலாம்."

அவர் கொளுத்தினார்.

"எங்க நடணும் ஆக்னஸு?"

"சூசையப்பரு பக்கத்துலங்க. கை கருகுனவரு அவருதான், மொதல்ல அவரு பாக்கட்டும்."