சிவப்பு மை, பச்சை மை

புத்தகம் படித்தால் அறிவு வளரும் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவருகிறேன். எனக்கு வளரப் பார்த்தது பகைதான். அதுவும் மேலிடமே கையில் கொடுத்துப் படிக்கச் சொன்ன புத்தகத்தால்.

நான் கணக்கு டீச்சர். இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாம் நாள் என்னைக் கணிதத் துறைக்குத் தலைவராக்கினார்கள். பெரிய பதவி என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். பத்து நாளில் தெரிந்துவிட்டது, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது யாருக்காகச் சொன்னது என்று. வேலை நடக்கவில்லையென்றால் மேலேயிருந்து கேள்வி வரும். நடக்கச் சொன்னால் கீழேயிருந்து முணுமுணுப்பு வரும்.

பெரிய மேடம், அதாவது எங்கள் தலைமையாசிரியை, ஒரு நாள் மாலை துறைத் தலைவர்கள் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். 'துறைத் தலைவர்கள் படிக்க வேண்டிய நூல்கள்' என்று தலைப்பு. கீழே தலைமையும் குழுப்பணியும் பற்றி ஆறு புத்தகங்கள். நூலகத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி, வாரம் ஒன்றாகச் சுற்றி வர வேண்டும். பருவ முடிவில் ஒவ்வொருவரும் தன் துறைக்கு ஏற்ற ஒரு புத்தகத்தைச் சொல்லி, ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

"படம் இருக்குமா மேடம்?" என்று விளையாட்டு ஆசிரியர் கேட்டார். பெரிய மேடம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் போன பிறகு என்னை மட்டும் நிறுத்தினார். மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"உங்க பெரிய கணக்கு சார் மாறுதல் கேட்டு எழுதியிருக்கார். சின்னப் பிள்ளைங்க கட்டடத்துக்கே போயிடறாராம்."

கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

பெரிய கணக்கு சாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அடைப்புக்குறி. எந்த வாக்கியத்தையும் நடுவில் ஒன்றைச் செருகாமல் அவரால் முடிக்க முடியாது. "இந்தச் சமன்பாட்ட எடுத்துக்குங்க, நேத்து தூங்கினவங்க இன்னைக்கும் தூங்கலாம், இதுல எக்ஸ் எவ்வளவு?" என்பார். என்னைவிட ஒன்பது வருடம் மூத்தவர். பதவி அவருக்குத்தான் என்று ஊரே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பொதுத்தேர்வு எழுதும் இறுதி வகுப்பை நாங்கள் இருவரும் பதினோரு வருடமாகப் பாதிப் பாதியாக எடுத்துவருகிறோம். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. விடைத்தாளைத் திருத்துகிறவர் சிவப்பு மையில் திருத்துவார். இன்னொருவர் அந்தக் கட்டை வாங்கி, மதிப்பெண்ணைத் தொடாமல், கூட்டலை மட்டும் பச்சை மையில் சரிபார்ப்பார். என் கட்டுக்குப் பச்சை எப்போதும் அவர்தான். காரணம் இருக்கிறது. நிரூபணம் என்றால் நான் புலி. கூட்டல் மட்டும் அவசரத்தில் வழுக்கிவிடும். கணக்கு டீச்சருக்குக் கூட்டல் வராது என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இத்தனை வருடத்தில் அவர் அதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"பருவம் முடியற வரைக்கும் இது என் டிராயர்லயே இருக்கும்," என்றார் பெரிய மேடம். "அதுக்குள்ள அவர நிறுத்திவைக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா கையெழுத்து போட்டுடுவேன். புத்தகத்தப் படிங்க, ஏதாவது வழி சொல்லும்."

படித்தேன். எனக்கு வேலை ஆக வேண்டியிருந்தது. அவர் போனால் இறுதி வகுப்பு பாதியில் நிற்கும், எனக்கும் ஒரு கை ஒடிந்த மாதிரிதான்.

முதல் புத்தகம், தலைவர் என்பவர் கப்பல் ஓட்டுகிறவர் என்றது. நூற்றைம்பது பக்கத்துக்கு ஒரே கடல். எங்கள் துறையில் நாலு பேருக்கும் நீச்சல் தெரியாது. இரண்டாவது புத்தகத்தில் அத்தியாயத்துக்கு ஒரு முக்கோணம். ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைக்கும் 'நம்பிக்கை எழுபது, உழைப்பு எழுபது, பேச்சு ஐம்பது' என்று போட்டிருந்தது. முக்கோணத்துக்கு நூற்றெண்பதுதானே என்று பொறுக்காமல் கூட்டிப் பார்த்தேன். இருநூறு வந்தது. நிதானமாகக் கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு. புத்தகம் பத்து கூட, நான் இருபது கூட.

மூன்றாவது மெலிந்த புத்தகம். அதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போல் கையில் சிவப்புப் பேனாவுடன் படித்தேன். பேனா இல்லாமல் எனக்குப் படிக்க வராது. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயரே சிவப்புப் பேனாதான்.

எங்கள் வீட்டுக்காரர் தையல்காரர். பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தபடி, "நாலு பேர வச்சு கடை நடத்தறேன். நான் என்ன புத்தகம் படிச்சேன்?" என்றார்.

"அதான் போன வாரம் ஒரு சட்டைக்கு ரெண்டும் இடது கையா வச்சு அனுப்பினீங்க."

அதற்குப் பிறகு அவர் நூலிலேயே கவனமாக இருந்தார்.

அன்று நான் கடுகடுப்பில் இருந்தேன். காலையில் நடந்த துறைக் கூட்டத்தில், புதிய தேர்வு அட்டவணையைப் பற்றி அடைப்புக்குறி சாரிடம் கருத்துக் கேட்டேன். "நீங்க சொன்னா சரிதான் மேடம்," என்றார். நேற்று வரை டீச்சர், இன்று மேடம். கேள்வித்தாள் எங்கே என்று இன்னொருவரைக் கேட்டேன், அவர் வழக்கம்போல் "நாளைக்கு" என்றார். அவர் பெயரே நாளைக்கு சார்தான். மூன்றாமவர் ஸ்கேல் டீச்சர், எதையும் கோடு போட்ட மாதிரி செய்பவர். கூட்டம் ஐந்து நிமிடம் நீண்டதற்கு ஐந்து நிமிடம் உபதேசம் செய்தார்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு படிவம் இருந்தது. 'உங்கள் குழுவினரை மதிப்பிடுங்கள்.' பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரி கையில் சிவப்புப் பேனாவும் இருந்தால் கேட்க வேண்டுமா? மூன்று பேருக்கும் போட்டுத் தள்ளினேன். ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். நாளைக்கு சாருக்கு, 'வேலை முடிப்பதில்லை, கையெழுத்து நன்று.' ஸ்கேல் டீச்சருக்கு, 'சரியான விடை, ஆனால் யாரும் கேட்கவில்லை.' அடைப்புக்குறி சாருக்கு, 'மனம் வைத்தால் இதைவிட நன்றாகச் செய்யலாம்.' கூட்டி, வட்டம் போட்டு, பழக்க தோஷத்தில் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன். மனம் லேசாகித் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, புத்தகத்தின் கெடு. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. வேறு எங்கே கையெழுத்துப் போட்டோம் என்று. நூலகத்துக்கு ஓடினேன், இந்த உடம்போடு.

"அதுவா, அது வெள்ளிக்கிழமையே போயிடுச்சே," என்றார் நூலகர் அம்மா. "உங்க துறைக்குத்தான் குடுத்தேன். வேற தலைவர் யாரும் கேக்கல, அடைப்புக்குறி சார் முதல் வாரமே பேர் எழுதி வச்சிருந்தார்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"கையெழுத்து வேற போட்டியா?"

"தேதியும் போட்டேன்."

"அப்ப 'நான் எழுதல'ன்னும் சொல்ல முடியாது," என்றார். அவர் வாயில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை முட்டியது.

அடைப்புக்குறி சார் ஒன்றும் கேட்கவில்லை. வணக்கம் சொன்னார், வகுப்புக்குப் போனார், வந்தார். ஆனால் நடுவில் எதையும் செருகாமல் பேசினார். "சுண்ணக்கட்டி தீர்ந்துடுச்சு மேடம்." அவ்வளவுதான். முற்றுப்புள்ளி. பதினோரு வருடம் எரிச்சலோடு கேட்ட அந்தக் குறுக்குப் பேச்சுகளுக்காக நான் ஏங்கிப் போனேன். கடிதத்தின் மேல் பெரிய மேடம் கையெழுத்துப் போடுவது இரண்டு முறை கனவில் வந்தது.

வியாழக்கிழமை துறைக் கூட்டம். எங்கள் அறை ஒரு ஜன்னலும் ஒரு நீள மேஜையும் கொண்டது. அலமாரியில் ஒரு கால் இல்லாத மர காம்பஸ் பத்து வருடமாகப் பழுதுபார்க்கக் காத்திருக்கிறது. மூவரும் வந்தார்கள். அடைப்புக்குறி சார் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. இரவல் புத்தகமானாலும் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தார். அதை மேஜை நடுவில் வைத்தார்.

மற்ற இருவருக்கும் விஷயம் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதென்றால் அப்படியே அமுக்கிவிடலாம் என்று ஒரு கணம் மனம் சொன்னது. வெட்கமாக இருந்தது.

"அட்டவணைக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்," என்றேன். "இந்தப் புத்தகத்துல உங்க மூணு பேருக்கும் நான் மார்க் போட்டு வச்சிருக்கேன். கோவத்துல போட்டது. விடைக்குறிப்பு கிடையாது, யாரையும் கேக்கல. ஒரு பையனோட பேப்பர யாராவது இப்படித் திருத்தியிருந்தா அவங்கள நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."



"எனக்கு எவ்வளவு மேடம்?" என்றார் நாளைக்கு சார்.

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தஞ்சு எடுத்தாதான் பாஸ்," என்றார் ஸ்கேல் டீச்சர்.

அடைப்புக்குறி சார் புத்தகத்தை இழுத்து மதிப்பீட்டுப் படிவத்தைப் பிரித்தார். "முப்பத்தொண்ணு இல்ல. முப்பத்தெட்டு. கூட்டல் தப்பு."

எட்டிப் பார்த்தேன். என் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் பச்சை மை. ஒரு மதிப்பெண்ணைக்கூட அவர் மாற்றவில்லை. என் குறிப்புகளுக்குப் பதில் எழுதவில்லை. பதினோரு வருடமாக என் கட்டுகளுக்குச் செய்வதை மட்டும் செய்திருந்தார். ஸ்கேல் டீச்சரின் அறுபத்திரண்டுக்கு ஒரு பச்சை டிக். நாளைக்கு சாருக்கு ஏழு கூட்டியிருந்தார். தனக்கு நான் போட்ட நாற்பத்தேழை அடித்து, நாற்பத்தொன்று என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்திருந்தார். தன் மதிப்பெண்ணிலிருந்து ஆறைத் தானே குறைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அந்த ஆறு மதிப்பெண் அளவுக்குச் சுட்டிருக்காது.

"ஒரு வாரமா ஏன் சார் ஒண்ணுமே கேக்கல?"

"கட்டு முழுசா இல்லையே. பாதிக் கட்ட எப்படித் திருப்பித் தர்றது?" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அங்கே இன்னொரு படிவம். 'தலைவரின் தன்மதிப்பீடு.' அதை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றுப் பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில், 'விடை எழுதப்படவில்லை.'

நாளைக்கு சார் முதலில் சிரித்தார். பிறகு ஸ்கேல் டீச்சர். எனக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து மேஜையில் உருட்டிவிட்டேன்.

"நானே எழுதினா நூறு போட்டுப்பேன். நீங்க மூணு பேரும் போடுங்க."

முக்கால் மணி நேரம் ஆனது. பள்ளி திறந்த நாளிலிருந்து நாங்கள் நாலு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடியது அன்றுதான். 'குழுவினர் பேசுவதைக் கேட்கிறாரா?' ஸ்கேல் டீச்சர் மூன்று போட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதை இரண்டாக்கினார். நாளைக்கு சார், ஆச்சரியமாக, எல்லாக் கேள்விக்கும் அன்றைக்கே மார்க் போட்டார்.

கடைசிக் கேள்வி, 'முக்கியமான செய்திகளை நேரில் சொல்கிறாரா?'

அடைப்புக்குறி சார் பேனாவைக் கையில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தார். "பதவி உங்களுக்குன்னு நான் நோட்டீஸ் போர்டுல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்குக் கிடைக்கலைங்கிறது வேற, அது ரெண்டு நாள்ல போயிடும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அதுதான் விஷயம். ஆறு புத்தகத்திலும் இல்லாத ஒரு வரி.

"உங்க முகத்தப் பாக்க பயமா இருந்துது சார். முதல் நாளே வந்திருக்கணும். பூஜ்யம் போடுங்க."

"விடை தப்புன்னாலும்," என்றார் அவர், "இப்பவாவது வாயத் தொறந்தீங்களே, ஸ்டெப்புக்கு ஒரு மார்க் உண்டு." ஒன்று போட்டார். நடுவில் செருகிவிட்டார் என்பதை அவரே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மொத்தம் நாற்பத்து நாலு. கூட்டியது அவர்தான்.

பருவத்தின் கடைசி வாரம் பெரிய மேடம் அறையில் கூடினோம். எந்தப் புத்தகம் என்று கேட்டார். மூன்றாவது என்றேன். சிவப்புப் பேனா ஒன்றும் பச்சைப் பேனா ஒன்றும் கூடவே கொடுக்க வேண்டும், பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றேன். பெரிய மேடம் ஒன்றும் புரியாமல் எழுதிக்கொண்டார். விளையாட்டு ஆசிரியர் கப்பல் புத்தகத்தைச் சொன்னார், அட்டையில் படம் இருந்ததாம்.

கூட்டம் முடிந்ததும் பெரிய மேடம் என்னை மறுபடி நிறுத்தி டிராயரைத் திறந்தார். பழைய கடிதத்தின் மேல் புதிதாக ஒரு தாள் குத்தியிருந்தது.

"நேத்து குடுத்தார். எனக்கு இதுல ஒரு வரி விளங்கல. நீங்களே படிங்க."

அழகான கையெழுத்து, பச்சை மை.

'மாறுதல் கேட்டு நான் முன்பு அளித்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கணிதத் துறைத் தலைவருக்குக் கூட்டல் வராது. எனவே நான் இந்தத் துறையிலேயே தொடர வேண்டியிருக்கிறது (எனக்கும் அதுதான் விருப்பம்).'