மிச்சம் பிடித்த நாலு நாள்

“இதுக்கு மேல வெக்க முடியாதும்மா. எடுத்துடலாமா?” என்று மாமா மூன்றாவது தடவையாக வந்து கேட்டார்.

“அண்ணன் வந்துடுவான் மாமா. பாலம் தாண்டியாச்சாம்” என்றாள் அவள், வாசலை விட்டு நகராமல்.

கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். தலைமாட்டில் நாற்காலி, அதன்மேல் அவர் படம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைத்தான் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தாள். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது அதுதான். காது இரண்டும் தெரிய, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, உட்கார இடம் கிடைக்காமல் சிடுசிடுத்தவர்களைக்கூடச் சிரிக்கவைத்து இறக்கிவிட்ட மனுஷன் அவர். “சிரிக்காதீங்கப்பா, படத்தைத் தள்ளுபடி பண்ணிடுவாங்க” என்று அன்றைக்கு அவரை அதட்டியதே இவள்தான்.

டாக்சி வந்தது. அண்ணன் பையைக்கூட எடுக்காமல் ஓடிவந்தான். பெட்டியின் கண்ணாடிமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அழுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் அழவில்லை. “இளைச்சிட்டாரே” என்று மட்டும் சொன்னான். அவளுக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

தகனம் முடிந்து திரும்பி வந்தபின் அண்ணன் கேட்டான்: “கடைசியா என்னப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

“நீ நல்லா இருக்கணும்னு சொன்னார்” என்றாள். அது பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

அவள் ஒரு நகல் கடையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள். அந்த வட்டாரத்தில் யாருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். “ஒரு வரி விடாம படிங்க, பொடி எழுத்துலதான் கழுத்தறுப்பான்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவாள். அப்பா அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வெளிநாடு போனபோது, அங்கேயே நிரந்தரமாகத் தங்க இரண்டு வழி இருந்தது. ஒன்று கம்பெனி வழி. மூன்றே வருஷம், ஆனால் அந்த மூன்று வருஷத்தில் தொண்ணூறு நாளுக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது. இன்னொன்று ஐந்து வருஷம். அதில் போக வரத் தடையில்லை. அண்ணன் இரண்டாவதைச் சொன்னான். இவள் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, கோடு போட்டுப் பிரித்து, “கம்பெனி வழியிலயே போ. கார்டு சீக்கிரம் கைக்கு வந்துட்டா அப்பாவ அங்க கூப்பிட்டுக்கலாம்ல” என்றாள். அப்பாவுக்கும் அதுதான் பிடித்தது. அப்பாவின் பாஸ்போர்ட் வந்த அன்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் அப்பாவுக்கு நெஞ்சு, மூச்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. அண்ணன் ஐந்து தடவை அடித்துப் பிடித்து வந்து போனான். ஒவ்வொரு தடவையும் அவன் அங்கிருந்து கிளம்பிய நாளிலிருந்து திரும்பிப் போய்ச் சேர்ந்த நாள்வரை எண்ணி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவைத்தாள். எண்பத்தாறு ஆனது. மிச்சம் நாலு. கார்டு வர இன்னும் ஐந்து மாசம்.

போன மாசம் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: “ஒரு எட்டு அவன வந்துட்டுப் போகச் சொல்லேன். பாக்கணும்போல இருக்கு.”

“நாலு நாள்தான்பா பாக்கி இருக்கு. அத இப்பவே எடுத்துட்டா...” என்றவள், மேலே சொல்ல வந்ததைச் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கா புரியாது? சிரித்தார். “சரிதான் வக்கீலம்மா. பெரிய செலவுக்கு வெச்சுக்க.”

அதற்கப்புறம் அவர் கேட்கவேயில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார்.

தகனம் முடிந்த மறுநாள் மதியம், அண்ணன் உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். சாயங்காலம் விமானம். இந்தப் பயணத்தையும் சேர்த்தால் தொண்ணூறு சரியாக இருக்கும். ஒவ்வொரு பயணம் முடிந்து அங்கே போனதும் அவன் அனுப்பவேண்டிய படிவத்தை இப்போதே நிரப்பிவிடலாம் என்று அவள் கடை லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயணத்தின் காரணம்: தந்தை மரணம். அதைத் தட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது விரல் எங்கேயோ பட்டது. ‘வெளியே இருந்த நாட்கள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கடுகளவுக்கு ஒரு கேள்விக்குறி. முந்தின ஐந்து தடவை நிரப்பியபோதும் அது அங்கேதான் இருந்தது. நாளை எண்ணத் தெரியாதா என்ன என்று அவள் அதைத் தொட்டதே இல்லை.

ஒரு சின்னப் பெட்டி திறந்தது. முழுதாக வெளியே இருந்த நாட்களை மட்டும் எழுதவும்; புறப்பட்ட நாளும் திரும்பி வந்த நாளும் சேராது.

அவள் இரண்டு தடவை படித்தாள். எழுந்து போய் பிரிட்ஜ் கதவு முன்னால் நின்றாள். ஐந்து பயணம். பயணத்துக்கு இரண்டு நாள். பத்து நாளை அவள் அதிகமாக எழுதியிருந்தாள். அப்பா கேட்ட அன்றைக்கு அண்ணன் கையில் இருந்தது நாலு நாள் இல்லை, பதினாலு.

ஐயோ, பதினாலு நாள்! வந்து உட்கார்ந்து, கஞ்சி ஊட்டி, அப்பாவின் பழைய பஸ் கதையெல்லாம் கேட்டு முடித்திருப்பானே.

சொல்லாமலே விட்டுவிடலாம். படிவம் அவள் கையில்தான் இருக்கிறது. அண்ணன் எதையும் படித்துப் பார்க்கிறவன் இல்லை, இவள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன். அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்றைக்கு அவனும் போய்விட்டால் இந்த வீட்டில் அவளும் அந்தப் படமும்தான். சொன்னால் அண்ணன் முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லாவிட்டால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது? நாற்காலியில் அப்பா சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“டாக்சி தெருமுனைக்கு வந்துடுச்சாம்” என்று அண்ணன் பையோடு வந்து, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டினான். அழாமல் அடக்கியதெல்லாம் கையில் இறங்கியிருந்தது போல, கயிற்றை அப்படி இழுத்துக் கட்டினான்.

“அண்ணா, போகாத.”

“என்ன விளையாடுறியா? நாள் முடிஞ்சுபோச்சுல்ல.”

“முடியல. இந்தத் தடவைக்கு ரெண்டு போனாலும் இன்னும் பன்னண்டு நாள் இருக்கு.” லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். “நான் தப்பா எண்ணிட்டேன். கெளம்புற நாளும் போய்ச் சேர்ற நாளும் கணக்குல வராதாம்.”

அண்ணன் நிமிர்ந்தான். கேட்பதற்குள் அவனே கூட்டிப் பார்த்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

“அப்ப, போன மாசம்?”

“பதினாலு இருந்துச்சு.”

வெளியே டாக்சி ஹாரன் அடித்தது.

“அப்பா கேட்டாரா?”

“கேட்டார்ண்ணா. ஒரே ஒரு தடவ.”

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். குனிந்து ஷூவைக் கழற்றப் பார்த்தான். முடிச்சு இறுகிப்போயிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. ஹாரன் மறுபடி அடித்தது. தெருவிலிருந்து டிரைவர், “சார், வரீங்களா?” என்று கத்தினான்.

அவள் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, முடிச்சில் நகத்தைக் கொடுத்து நெம்ப ஆரம்பித்தாள்.