ஒரு பல் தள்ளி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காரை ஒழுங்காக ஓட்டத் தெரியாமல் என் வேலையைக் குறை சொல்ல வருகிற கஸ்டமர்களிடம் இந்தப் பழமொழியை எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். போன மார்ச் மாதம் கூடம் கோணல் என்று சொன்னவன் நான். அதுவும் கூடத்தைக் கட்டியவரை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

என் பெயர் கில்பர்ட். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் என் ஷெட் இருக்கிறது. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் காருக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. கம்பெனி கொடுக்கிற கம்ப்யூட்டர் பூட்டிய பெட்டி. அதைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பில் நாமே எழுதக்கூடிய வேறொன்றை மாட்டி, அந்தந்த இன்ஜினுக்கு ஏற்றபடி எழுதிக் கொடுப்பது என் தொழில். ரேஸ் ஓட்டுகிறவர்களும் பழைய கார் பைத்தியங்களும் என்னிடம் வருவார்கள். எழுதுவது நான். ஆனால் கம்ப்யூட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற வயரிங் முழுவதும் எலிசபெத் அக்காவின் கைவேலை.

அக்காவுக்கு வீடு விவேக் நகரில். பீன்யாவில் ஒரு வயரிங் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். அதை மூடிய பிறகு என்னிடம் வந்தார். அந்த ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. தான் கட்டிய வயரிங்கில் தன் நம்பரை ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். தப்பு வந்தால் நேராக அவளிடம் திரும்பி வரும். அக்காவின் நம்பர் நாற்பத்தேழு. என் ஷெட்டிலும், யாரும் கேட்காமலே, ஒவ்வொரு வயரிங்கின் உள்பக்கமும் வெள்ளை டேப்பில் 47 என்று எழுதி ஒட்டுவார். முதல் மாதம் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். கே.ஜி.எஃப்.பில் என் அப்பாவும் அவருடைய பெரியப்பாவும் ஒரே தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவருக்குத் தம்பி. நான்கு வருஷத்தில் அவர் போட்ட ஒரு வயர்கூட என்னைக் கைவிட்டதில்லை.

போன மார்ச்சில் என்னிடம் வந்த கஸ்டமர் ரக்ஷா. அவள் கார் அவளுடைய அப்பா வாங்கிய பழைய எஸ்டீம். அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ஓட்டுகிறாள். அந்தக் காருக்குப் புதுக் கம்ப்யூட்டர் மாட்டினோம். இன்ஜினின் முன்பக்கச் சக்கரத்தில் முப்பத்தாறு பல் வெட்டிய தட்டு ஒன்றைப் பொருத்துவோம். பக்கத்தில் இருக்கும் சென்சார் அந்தப் பற்களை எண்ணி, இன்ஜின் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதற்கு நாம் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். கொடுத்த நம்பர் சரியா என்று டைமிங் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மின்னுகிற கைவிளக்கு அது. லேப்டாப்பில் பத்து டிகிரி என்று இருந்தால், வெளிச்சத்தில் சக்கரத்தின் மார்க்கும் பத்தில் நிற்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

அந்த இரண்டு நிமிஷ வேலையை நான் செய்யவில்லை. அன்று ரக்ஷா நான்கு நண்பர்களோடு வந்திருந்தாள். நான்கு பேரும் ஃபோனைத் தூக்கி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. இதற்கு முன் இரண்டு எஸ்டீம் செய்திருந்தேன், அந்த நம்பர் நினைவில் இருந்தது. எண்பத்து நாலு என்று தட்டினேன்.

அக்கா ஆணியில் தொங்கிய லைட்டை எடுத்து வந்து, "தம்பி, லைட் அடிக்கலையா?" என்றார்.

"இந்த இன்ஜின் எனக்கு மனப்பாடம் அக்கா," என்றேன். அதை அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை, ஃபோன்களைப் பார்த்துச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா லைட்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் தும்கூர் ரோட்டில் இன்ஜின் போய்விட்டது. திங்கட்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன், திறந்து பார்த்தேன். மூன்றாவது பிஸ்டன் உடைந்திருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பற்களை எண்ணினேன். பல் தட்டு ஒரு பல் தள்ளி இருந்தது. ஒரு பல் என்றால் பத்து டிகிரி. அதாவது ஸ்பார்க் எப்போதும் பத்து டிகிரி முந்தியே அடித்திருக்கிறது, மேலே ஏறி வருகிற பிஸ்டனின் தலையில் நெருப்பு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. தட்டை மாட்டியவன் நான். நம்பரைத் தட்டியவனும் நான். மறுபடி எண்ணினேன், ஏதாவது மாறிவிடாதா என்று. மாறவில்லை.

பத்து மணிக்கு ரக்ஷா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அக்கா மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்திருந்தார்.

"என்னாச்சு கில்பர்ட்? நான் சும்மா நூறுலதான் போயிட்டிருந்தேன். ஏதாச்சும் தப்பா ஓட்டிட்டேனா?" என்று கேட்டாள் ரக்ஷா.

அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைக்காது. என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"உங்க தப்பில்ல. சென்சார் வயர் ரெண்டும் இடம் மாறியிருக்கும் போல. அப்படி ஆனா டைமிங் ஓடிடும்."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை, ஷெட்டில் வயர் தொடுகிறவர் ஒரே ஒருவர். அக்கா டீ கிளாஸ்களை பெஞ்சில் வைத்தார்.

"நான் பண்ணதா தம்பி?"

"விடுங்கக்கா, மனுஷங்கதானே," என்றேன்.

பொய் சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, இதை மறக்க முடியாது. செய்யாத தப்புக்கு அவரை மன்னித்தேன். பெரிய மனுஷன் மாதிரி, குரலைத் தாழ்த்தி மன்னித்தேன். அவரும் அதை வாங்கிக்கொண்டு ரக்ஷாவிடம் போய், "மன்னிச்சிடும்மா, இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஆனதில்ல," என்றார். நான் டீயைக் குடித்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் கார்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அன்று மாலை ரக்ஷா அதில் எழுதினாள், 'கில்பர்ட்டின் ட்யூனிங்கில் குறை இல்லை, ஆனால் அங்கே வயரிங்கை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று. ரிச்சர்ட்ஸ் டவுனில் டேரில் என்று ஒருவர், பழைய கார்களைப் புதுப்பிப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய அக்காவுக்கு இரண்டு கார் வயரிங் கொடுப்பதாக இருந்தார். அவர் அக்காவுக்கு ஃபோன் செய்து, அப்புறம் பார்க்கலாம் என்றார். நான் குரூப்பில் வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சோற்றையும் தின்றுகொண்டிருந்தேன்.

அக்கா அந்த வயரிங் முழுவதையும் பிரித்தார். வயர் முனைகளில் மொத்தம் அறுபத்திரண்டு பின். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மூன்று நாள் பார்த்தார். ஒன்றிலும் தப்பில்லை. வேறு யாராக இருந்தாலும் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள். அக்கா தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். வியாழக்கிழமை குழந்தை ஏசு கோயில் நவநாள் முடிந்ததும், அதே தெருவில் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். உங்கள் வயதுக்கு இந்தக் கண் போதும் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்காமல் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் கழுத்தில் கறுப்புக் கயிறோடு வந்து நின்றார்.

"கண்ணு போனா இந்த வேலைக்கு ஆவாது தம்பி. மேடம் காரை முடிச்சுக் குடுத்துடறேன். அதுக்கப்புறம் நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா," என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஆனால் நாக்கு இருந்த இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

புதிதாக ஒரு வயரிங் கட்டினார். அதில் 47 இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் வெள்ளை டேப் இல்லை.

இன்ஜினை என் செலவிலேயே கட்டிக் கொடுத்தேன். குரூப்பில் அதற்கும் எனக்குக் கைதட்டல் கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஸ்டார்ட். பல் தட்டைத் திருப்பினால் அக்கா கவனிப்பார் என்று அப்படியே விட்டிருந்தேன்; அவர் வயரிங்கை மாட்டி முடிக்கும்வரை கம்ப்யூட்டருக்குக் கரன்ட் இல்லை, நம்பரையும் மாற்ற முடியவில்லை. என் திட்டம் சுலபமானது. அக்கா டீ வாங்கப் போகும்போது எண்பத்து நாலை எழுபத்து நாலாக மாற்றிவிடுவேன், கதை முடிந்தது.

அக்கா டீ வாங்கப் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், ஆணியிலிருந்து லைட்டை எடுத்துக்கொண்டார், காரின் முன்னால் குனிந்து நின்றார்.

"இந்த வாட்டி நானே பாக்கறேன் தம்பி. ஸ்டார்ட் பண்ணுங்க."

"நீங்க போய் டீ…"

"அப்புறம் குடிக்கலாம். பண்ணுங்க."

வேறு வழியில்லாமல் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. லைட் மின்ன ஆரம்பித்தது. லேப்டாப் பத்து என்றது. அக்கா ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பத்துல இல்லையே தம்பி. இருபதுல நிக்குது." லைட்டை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "இன்னும் என் தப்பு போவலையா? ஏசுவே. புதுசா கட்டியும் இப்படியா?"

லைட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கட்டிங் பிளேயரை எடுத்தார். ஒரு குறையும் இல்லாத வயரிங்கை இரண்டாவது தடவையாகப் பிரிக்கப் போனார்.

"இருங்கக்கா! வெட்டாதீங்க. வயர்ல ஒண்ணும் இல்ல. லேப்டாப்ல ஒரு நம்பர் மாத்தணும், அவ்ளோதான்."

"நம்பர் மாத்தினா பத்துக்கு வந்துடுமா?"

"வந்துடும்."

அக்கா யோசித்தார். கட்டிங் பிளேயர் கையிலேயே இருந்தது. "அப்போ அன்னிக்கும் நம்பர்தானா?"

இல்லை என்று சொல்ல இன்னும் வழி இருந்தது. அதற்குரிய பொய்கூடத் தயாராக நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அந்தக் கறுப்புக் கயிற்றைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை.

"ஆமாக்கா. அன்னிக்கும் நம்பர்தான். தட்டை நான் ஒரு பல் தள்ளி மாட்டிட்டேன். நீங்க சொன்னப்ப லைட் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"திங்கட்கிழமை காலையில. நீங்க வர்றதுக்கு முன்னாடியே."

அக்கா எட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

"அறுபத்திரெண்டு பின்னு," என்றார். "ஒண்ணொண்ணாப் பாத்தேன். தப்பில்லைன்னு என் கண்ணு சொல்லிச்சு, தப்புன்னு நீங்க சொன்னீங்க. நான் கண்ணை நம்பல. உங்களை நம்பினேன்."

எனக்கு அழுகை வந்தது. அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரிந்தது. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு ஃபோன் போடுங்க."

போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ரக்ஷா முழுவதையும் கேட்டாள். பிறகு, "ஆண்ட்டிகிட்ட குடுங்க," என்றாள். அக்காவிடம் அவள் மன்னிப்புக் கேட்பது எனக்கும் கேட்டது. என்னிடம் மறுபடி பேசாமலே ஃபோனை வைத்துவிட்டாள்.

"குரூப்புலயும் போடுங்க," என்றார் அக்கா.

ரொம்ப நேரம் தட்டி, இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று தமிழில் சொல்லச் சொன்னார்.

"எஸ்டீம் இன்ஜின்ல ஆரம்ப டைமிங்ல ஒரு கோளாறு இருந்துச்சு, கண்டுபிடிச்சு சரி பண்ணியாச்சு, வயரிங் நல்லா இருக்குன்னு…"

"கோளாறு இருந்துச்சுன்னா? அது தானா வந்து உக்காந்துச்சா?"

அதை அழித்தேன். இந்தத் தடவை தமிழிலேயே எழுதினேன். 'தட்டைத் தப்பாக மாட்டியது கில்பர்ட்டாகிய நான். டைமிங் லைட் அடிக்காமல் விட்டதும் நான். தெரிந்தும் பழியை எலிசபெத் அக்கா மேல் போட்டேன். அவருடைய வயரிங்கில் ஒரு தப்பும் இல்லை.' சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்கா தலையசைத்தார். அனுப்பினேன். முந்நூறு பேர் படிப்பார்கள் என்பது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஷெட்டில் நின்றிருந்த ஒருவர் முன்னால் பட்ட வெட்கத்துக்கு அது ஈடில்லை.

பிறகு எண்பத்து நாலை எழுபத்து நாலாக மாற்றினேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றைச் சுருட்டி, கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். டேப்பைக் கிழித்து 47 என்று எழுதி வயரிங்கில் ஒட்டினார். லைட்டை எடுத்துக்கொண்டு வெறும் கண்ணோடு காரின் முன்னால் குனிந்தார்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. இந்த முறை அவர் ஒரு தடவைதான் பார்த்தார்.

"பத்துல நிக்குது, சார்," என்றார்.